தோற்றவர் ‘போதும்’ என்று சொல்லும்வரை

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு இருபதுக்கு என் கைப்பேசி மேசைமேல் ஒருமுறை அதிர்ந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் வாட்ஸ்அப்பில் ஒற்றை வரி அனுப்பியிருந்தாள்: ‘அப்பா, ஜெயிச்சவங்கள எழுந்து போன்னு சொல்லலாமா?’

அலுவலகத்தில் எல்லோருமாகக் கோவா போகிறோம் என்று வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தாள். விடுதி அறையில் தோழிகளோடு சீட்டாடுகிறாள், தோற்ற எரிச்சலில் எவளோ இவளை எழுந்து போகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் நாங்களும் சீட்டுதான் ஆடிக்கொண்டிருந்தோம். நான், என் மனைவி, எதிர்வீட்டு முசியே. வரியை உரக்கப் படித்தேன். மூன்று பேரும் சிரித்தோம்.

“நம்ம சட்டத்தையே மறந்துட்டாளா அவ?” என்றாள் மனைவி.

“மறக்கலம்மா. மத்த பொண்ணுங்ககிட்டக் காட்றதுக்கு ஆதாரம் கேக்குது பாப்பா,” என்றார் முசியே. “எழுது தம்பி, எழுது.”

எழுதினேன்: ‘தோத்தவங்க போதும்னு சொல்ற வரைக்கும் எழுந்திரிக்காத.’ அனுப்பிவிட்டு அடுத்த சீட்டை இறக்கினேன்.

முசியே என்று எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் சொல்லலாம், ஐயா என்பது போல. எங்கள் வீட்டில் அது ஒரே ஒருவர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வெகுகாலம் இருந்துவிட்டு, ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து, உழவர்கரையில் எங்கள் வீட்டுக்கு எதிரே வீடு கட்டிக்கொண்டவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் பிரான்சிலேயே தங்கிவிட்டார்கள். நாங்கள் இந்தக் காலனிக்குக் குடிவந்த புதிதில், ஒரு கையில் நீள ரொட்டியும் இன்னொரு கையில் சீட்டுக்கட்டுமாக வாசலில் வந்து நின்றார்.

“தம்பிக்கு பெலோத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“தெரியாதவன்தான் நல்லது. கெட்ட பழக்கம் எதுவும் இருக்காது.” செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். மீன் குழம்புச் சாப்பாடு முடிந்து, ஏனம் கழுவி, தெருவே படுத்துக் கிடக்கும் நேரத்தில் எங்கள் கூடத்தில் மட்டும் விசிறி சுற்றும், சீட்டு விழும், யாராவது யாரையாவது திட்டுவார்கள்.

பெலோத் நாலு பேர் ஆட்டம். எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். ஏழுக்குக் கீழே சீட்டே கிடையாது, அதனால் கட்டு மெலிந்திருக்கும். அவர் கொண்டுவந்த கட்டு பிரான்சில் அச்சானது. ராஜாவின் மூலையில் பிரெஞ்சுச் சொல்லுக்கு ஏற்ற எழுத்து, ராணிக்கும் அப்படியே. என் மகள் பார்த்து வளர்ந்த சீட்டு அதுதான். ஒரு கோடை விடுமுறைக்குக் கடலூரில் அவள் மாமா வீட்டுக்குப் போனவள், அங்கிருந்த சாதாரணக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, உங்கள ஏமாத்திட்டாங்க. எழுத்தெல்லாம் தப்பா போட்டிருக்கு” என்று திருப்பிக் கொடுத்தாளாம்.

ஆரம்பத்தில் நாலாவது ஆள் பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர். அவர் வீடு மாற்றிக்கொண்டு போனதும் ஆட்டம் நின்றுவிடும் போலிருந்தது. மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் தானாகவே நாற்காலியில் இரண்டு தலையணைகளை அடுக்கி ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு எதிரே, கூட்டாளியாக, அவள் அம்மா. என் மனைவி கல்யாணத்துக்கு முன்பு சீட்டைத் தொட்டதில்லை. ஆனால் ஆறே மாதத்தில் எங்கள் இருவரையும் ஓட ஓட விரட்டத் தொடங்கியிருந்தாள். எது விழுந்தது, எது இன்னும் யார் கையில் இருக்கிறது என்று எண்ணாமல் யாராவது சீட்டை இறக்கினால் அவளுக்குப் பொறுக்காது. மகளானாலும் பொறுக்காது.

“ஒம்பது போயி எவ்ளோ நேரமாச்சு? இப்ப எடுத்து வக்கிறியே, கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?”

“மறந்துட்டேம்மா.”

“சோறு திங்க மறக்கறியா?”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியபடியே குழந்தை எண்ணப் பழகிக்கொண்டது. எங்கள் மேசையில் எண்ணுவது கெட்டிக்காரத்தனம்கூட இல்லை. கூட்டாளிக்குச் செய்கிற மரியாதை, சாப்பிடும் முன் கை கழுவுவதைப் போல.

பணம் வைத்து ஆடியதே இல்லை. ஒரே ஒரு சட்டம் மட்டும் இருந்தது. ஜெயித்தவர்கள் முதலில் எழுந்திருக்கக் கூடாது. தோற்றவர்கள் ‘போதும்’ என்று சொல்ல வேண்டும். அதுவரை அவர்கள் கேட்கிற அத்தனை ஆட்டமும் ஆட வேண்டும். பட்டாளத்து வழக்கம் என்பார் முசியே. நான் அதை முழுதாக நம்பியதில்லை, அவருக்குத் தோற்றுப்போய் எழுந்திருக்கப் பிடிக்காது என்பதுதான் மூலகாரணம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் எங்கள் வீட்டில் ஊறிப்போனது. மகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

ஒரு மழைநாள் அப்படியே கண்ணில் நிற்கிறது. அவள் ஆறாவது படித்தபோது. புயல் சின்னம் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், மதியமே இருட்டிவிட்டது, கரண்டும் போய்விட்டது. அம்மாவும் மகளும் ஜெயித்துக்கொண்டே போனார்கள். முசியே ‘போதும்’ என்று சொல்வதாக இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று மகளின் முறையில் சீட்டு விழவில்லை. பார்த்தால், கையில் சீட்டுகளை விசிறி போலப் பிடித்தபடியே தூங்கியிருந்தாள். படுக்கையில் போடலாம் என்று தூக்கப் போனேன். கண்ணைத் திறக்காமல் என் கையைத் தட்டிவிட்டு, “முசியே இன்னும் சொல்லலப்பா” என்றாள்.

முசியே சீட்டைக் கவிழ்த்து வைத்தார். “போதும் பாப்பா. போதும், போதும். நீ போயி தூங்கு.” அதன்பிறகுதான் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூக்க விட்டாள்.

வேலை கிடைத்து அவள் பெங்களூர் போனபின் மேசை மூன்று காலாகிவிட்டது. நாலாவது கைக்குரிய சீட்டுகளை அவள் நாற்காலிக்கு முன்னால் திறந்து பரப்பி வைத்து, என் மனைவியே அவளுக்கும் சேர்த்து ஆடுவாள். ‘பாப்பா கை’ என்று அதற்குப் பெயர். முன்பிருந்த சுவாரஸ்யம் அதில் இல்லை, திட்டுவதற்கு ஆள் இல்லையே. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் உட்கார்ந்துவிடுவோம்.

அன்றும் பாப்பா கையோடுதான் ஆடிக்கொண்டிருந்தோம். மனைவி காபி போட எழுந்த சமயம் மறுபடி கைப்பேசி அடித்தது. மகளின் எண்.

“என்ன பாப்பா, போதும்னு சொன்னாளுங்களா?”

ஓர் ஆணின் குரல். ஆங்கிலத்தில், மிக நிதானமாக, இந்தப் பெண்ணுக்கு வெளியிலிருந்து குறிப்பு அனுப்புவது நீங்கள்தானா என்று கேட்டது.

என் மகள் எங்கே, நீ யார், என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து கத்தினேன். கத்தியதும் குரல் தமிழுக்கு மாறியது. சேலம் பக்கத்துப் பேச்சு.

“சார், நானும் தமிழுங்க. கத்தாதீங்க சார். நான் கேசினோல இருந்து பேசறேன், ஆத்துல நிக்குற கப்பல். ஃபுளோர் மேனேஜருங்க. உங்க பொண்ணு நல்லாத்தான் இருக்காங்க, பயப்படாதீங்க.”

பயப்படாதீர்கள் என்று எவராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். முசியே ஸ்பீக்கரில் போடும்படி சைகை செய்தார். போட்டேன்.

“பிளாக்ஜாக் டேபிள்ல மத்தியானத்துல இருந்து ஜெயிச்சிட்டே இருக்காங்க சார். எங்க ஆளுங்க கேமராவுல பாத்தாங்க. எண்ணி ஆடறாங்க. பெரிய சீட்டு எப்ப மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சு, அப்ப மட்டும் பந்தயத்த ஏத்தறாங்க. நாங்க மரியாதையா, மேடம் இந்த ஆட்டம் போதும், வேணும்னா வேற ஆட்டம் ஆடுங்க, இல்லன்னா கிளம்புங்கன்னு சொன்னோம். போனப் பாத்தாங்க. டேபிள்ல போன் பாக்கவே கூடாதுங்க சார். பாத்துட்டு, எழுந்திரிக்க மாட்டேன்னு உக்காந்துட்டாங்க. சீட்டுப் போடறத நிறுத்திட்டோம். சுத்தி நாலு பேரு நிக்கறோம். அசையல.”

“அவகிட்டக் குடுங்க. நான் பேசறேன்.”

“டேபிள்ல போன் குடுக்க முடியாதுங்க சார். எங்கப்பாவக் கேளுங்கன்னு சொல்லி அவங்கதான் இத என் கைல குடுத்தாங்க. மெசேஜ நான்தான் எங்க ஆளுங்களுக்குப் படிச்சுச் சொன்னேன். எங்க மேலாளுங்க வேற மாதிரி நினைக்கறாங்க சார். தோத்தவங்கன்னா யாரு? போதும்ங்கறது என்ன சிக்னல்? வெளிய ஆள் வச்சு ஆடற கூட்டம்னு சந்தேகப்படறாங்க. போலீஸக் கூப்பிடலாம்னு பேச்சு நடக்குது.”

அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. எங்கள் கூடத்தில் சிரித்துக்கொண்டே தட்டிய ஒரு வரி, அத்தனை தூரத்தில், ஒரு கப்பலுக்குள், என் பெண்ணை நாலு பேர் சூழ்ந்து நிற்கும்படி செய்துவிட்டது. போலீஸ், வழக்கு, அவள் வேலை, செய்தித்தாளில் படம். எனக்குக் கற்பனை எப்போதும் கெட்ட பக்கமாகத்தான் ஓடும்.

“அவ ஏமாத்துனாளா? அத மட்டும் சொல்லுங்க,” என்றேன்.

“இல்லீங்க சார். மண்டையில எண்ணறத ஏமாத்துன்னு சொல்ல முடியாது. நல்லா ஆடறாங்க, அதாங்க பிரச்சினை.”

“நல்லா ஆடுனா வெளிய அனுப்பிடுவீங்களா?”

“எங்க இடம் சார். யார வேணா போகச் சொல்லலாம், காரணம்கூடச் சொல்லத் தேவையில்ல. ஜெயிச்சத முழுசாக் குடுத்துடுவோம், அதுல கை வைக்க மாட்டோம். போன்னு சொல்லியும் போகலன்னாதான் அது வேற விஷயமாயிடும்.”

நான் பள்ளியில் வணிகவியல் பாடம் நடத்துகிறவன். அந்த நேரத்தில் ஒரு வாக்கியம் கோர்வையாக வரவில்லை. அது பெலோத், அது எங்கள் வீட்டுச் சட்டம், எதிர்வீட்டில் ஒருவர் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது, அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது மழைநாளில், என்று என்னென்னவோ உளறினேன். எதிர்முனையில் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்பது போல எனக்கே தோன்றியது. பட்டாளம் என்ற சொல்லை ஏன் சொன்னோம் என்று பயந்தேன்.

“அவளை உடனே எழுந்து வரச் சொல்லுங்க, அப்பா சொன்னாருன்னு சொல்லுங்க,” என்று முடித்தேன்.

“சொல்லிப் பாத்துட்டேங்க சார், அப்பா வரச் சொல்லுவாருன்னு. நீங்க பொய் சொல்றீங்க, எங்கப்பா அப்படிச் சொல்ல மாட்டாருங்கறாங்க.”

காபிப் பாத்திரத்தை இறக்கிவிட்டு வந்து, கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி என் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினாள்.

“தம்பி, நான் அவ அம்மா பேசறேன். அந்த டேபிள்ல ஜெயிச்சது யாரு?”

“உங்க பொண்ணுங்கம்மா.”

“தோத்தது யாரு?”

“நாங்கதாங்கம்மா.”

“நீங்க போதும்னு சொன்னீங்களா?”

“அம்மா, ஒரு மணி நேரமா அதத்தாங்க சொல்லிட்டிருக்கோம்.”

“இந்த ஆட்டம் போதும், போ போன்னுதான சொன்னீங்க? அப்படிச் சொன்னா அவ நகர மாட்டா. அவ பக்கத்துல போயி நில்லுங்க. எங்களுக்குப் போதும்மா, நாங்க தோத்துட்டோம்னு சொல்லுங்க. எழுந்திரிச்சிருவா.”

“அப்படிச் சொல்றதுக்கு எனக்கு அதிகாரம் இல்லீங்கம்மா.”

“தோத்ததச் சொல்ல என்னய்யா அதிகாரம்?”

முசியே தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. எதிர்முனையில் அந்த மனிதர் யாரிடமோ ஆங்கிலத்தில் பேசுவது கேட்டது. அந்த இன்னொருவர் எதையோ மறுப்பதும், இவர் மறுபடி சொல்வதும். பிறகு, “பாக்கறேங்கம்மா” என்றார். இணைப்பு அறுந்தது.

திரும்ப அடித்தால், அணைக்கப்பட்டுள்ளது என்றது.

அதன்பிறகு அன்றைக்கு அவள் குரலை நாங்கள் கேட்கவே இல்லை. விளக்கேற்றுகிற நேரத்துக்கு, தெரியாத எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘சார்ஜ் இல்லை, பெங்களூர் பஸ்ஸில் இருக்கிறேன், அங்கிருந்து நேராக வீட்டுக்கு வருகிறேன்.’ ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. என் மகள் எனக்குத் தமிழில்தான் எழுதுவாள். அதைச் சொன்னதும் மனைவி, “யாரோ ஒருத்தர் போன்ல தமிழ்க் கீபோர்டு இருக்குமா? சும்மா இருங்க” என்றாள். அந்த எண்ணை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. அவள் தோழிகள் யாருடைய எண்ணும் என்னிடம் இல்லை. இருபத்து நான்கு வயதுப் பெண்ணின் தகப்பனிடம் அவளைச் சுற்றி இருக்கிற ஒருவருடைய எண்கூட இல்லை.

முசியே வீட்டுக்குப் போகவில்லை. பரப்பி வைத்த சீட்டுகள் அப்படியே கிடந்தன, பாப்பா கை உட்பட. அவர் பிரான்சில் ஒரு கடற்கரை ஊரில் பார்த்ததைச் சொன்னார். ஓய்வு நாளில் பட்டாளத்துக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கேசினோ வாசலில் நிற்பார்களாம். நல்ல கோட்டுப் போட்ட ஒருவனை இரண்டு பேர் கையைப் பிடிக்காமல், ஆனால் நெருக்கி நடந்து, வெளியே கொண்டுவந்து விட்டார்களாம். “அவன் அழுவல தம்பி. கோவப்படவும் இல்ல. நடைபாதையில நின்னு கோட்ட நீவி விட்டுக்கிட்டான். ஜெயிச்சவன்னு அப்புறம்தான் சொன்னாங்க. நான் தோத்தவன்னுதான் நெனச்சேன். மூஞ்சி அப்படி இருந்துது.”

“அவன அடிச்சாங்களா?” என்றேன்.

“இல்லப்பா. கேசினோக்காரன் வூடு, அவன் போன்னா போவணும். அவ்ளோதான்.” பிறகு மேசைமேல் கிடந்த சீட்டுகளைப் பார்த்து, “அந்தச் சட்டத்த நான் ஏன் இந்த வூட்ல கொண்டாந்து வச்சேன்” என்றார்.

“நீங்க வச்சதுலதான் அவளுக்கு ஒரு ஒழுங்கு வந்துச்சு முசியே,” என்றாள் என் மனைவி. கோபமாகத்தான் சொன்னாள், அவரைத் தேற்றுவது போலச் சொல்லவில்லை. அதனாலேயே அவர் நம்பினார் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒன்று மட்டும் அடங்கவே இல்லை. நன்றாக ஆடுகிறாள் என்பதற்காக இந்த மேசையில் அவளைக் கெஞ்சி உட்கார வைத்திருக்கிறோம். பரீட்சைக்கு முதல்நாள்கூட, ஒரே ஆட்டம், ஒரே ஆட்டம் என்று முசியே வாசலில் வந்து நிற்பார். அவள் புத்தகத்தோடு வந்து உட்காருவாள், மடியில் பாடமும் கையில் சீட்டும். நன்றாக ஆடினால் உலகம் இன்னும் கொஞ்ச நேரம் இரு என்றுதான் சொல்லும் என்று அவள் நினைத்திருப்பாள். அவளை நாலு பேர் சூழ்ந்து நின்றபோது அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து யோசித்து அந்த மழைநாள் முகம்தான் வந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். மனைவி காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வைத்திக்குப்பத்துக்குப் போய்ச் சங்கரா மீன் வாங்கி வந்தாள். வருகிறாளா இல்லையா என்றே தெரியவில்லை, மீன் எதற்கு என்றேன். அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பெங்களூர் பேருந்துகள் வருகிற நேரத்தையெல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் வந்து போகும் நேரம் வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். முசியே தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை வெறும் ஆட்டோவுக்கு எழுந்து நின்றார்.

மூன்றாவதாக வந்த ஆட்டோ எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்றது. மகள் இறங்கினாள். தலை கலைந்து, நேற்றைய உடையே கசங்கி, தோளில் பை. அம்மா மீன் வாசனைக் கையோடு வாசலுக்கு வந்தாள். முசியே செருப்பில்லாமலே தெருவைக் கடந்து வந்துவிட்டார்.

எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தாள். “என்ன, யாராவது செத்துட்டாங்களா?”

“வாய மூடு,” என்றாள் அவள் அம்மா.

நான் பையை வாங்கிக்கொண்டேன். கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. அடித்தார்களா, தொட்டார்களா, போலீஸ் வந்ததா, வேலைக்கு ஏதாவது. எதையும் கேட்கவில்லை. அவளாகவே என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், தெருவில் நடக்கப் பழகிய வயதில் பிடிப்பாளே அப்படி.

“அந்தத் தமிழ் மேனேஜரு பக்கத்துல வந்து, எங்களுக்குப் போதும்மா, நாங்க தோத்துட்டோம்னு சொன்னதும்தான் எழுந்தேன். அதுக்கப்புறமும் உன் பின்னால யாரு இருக்காங்க, யாரு இருக்காங்கன்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்கப்பா,” என்றாள். “எங்கப்பா மட்டும்தான்னு சொன்னேன். அவங்க நம்பவே இல்ல.”